பெயிண்ட் வாங்கும் முன் ஓர் அட்டை ஒட்டுங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பொருள் தேர்ந்தெடுக்கிற வரிசையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் கிரானைட். பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது, நேரே போய் ஸ்லாப் பார்க்கலாம் என்பதால் அதுதான் முதலில் முடிவாகும். அப்புறம் டைல்ஸ், அப்புறம் ஆசாரி காட்டுகிற மைக்கா, கடைசியில் கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெயிண்ட். கல்லை அப்பா வெயிலில் வைத்துப் பார்த்திருப்பார். டைல்ஸை அம்மா ஷோரூம் விளக்கில் பார்த்திருப்பார். மைக்காவை மகன் கேட்லாக்கில் பார்த்திருப்பான். தனித்தனியாக எல்லாம் நல்ல பொருள்தான். ஒரே அறைக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் கண்ணை உறுத்தும். அதற்குள் காசு போய்விட்டிருக்கும்.

இவை எல்லாவற்றையும் காசு கொடுப்பதற்கு முன்னால், ஒரே அட்டையில், உங்கள் வீட்டு வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதுதான் மூட்போர்டு. அதற்கும் முந்தைய பயன் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. "உங்களுக்கு எந்த மாதிரி வீடு பிடிக்கும்?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. வந்தாலும் போன மாதம் போய்வந்த சொந்தக்காரர் வீட்டைத்தான் சொல்வோம். படம், துணி, மரம், கல் என்று அறுபது துண்டுகளைச் சேர்த்துத் தரையில் பரப்பினால், எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் உங்கள் ரசனை. அதற்கு ஆங்கிலப் பெயர் ஏதும் தேட வேண்டியதில்லை.

போனிலேயே படங்களைச் சேர்த்து வைத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. திரை தானே ஒளிவிடுகிறது. சுவரும் கல்லும் தம்மேல் விழுகிற ஒளியைத் திருப்பித் தருகின்றன. திரையில் பார்த்த சந்தன நிறம் சுவரில் வேறாக இருப்பதற்கு முதல் காரணம் இது. சொரசொரப்பு, கனம், குளிர்ச்சி எதுவும் திரையில் தெரியாது. விரலைத் தட்டினால் நானூறு படம் சேர்ந்துவிடும். ஒன்றைக்கூட நீங்கள் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். கத்திரிக்கோல் எடுத்து ஒரு படத்தை வெட்ட ஒரு நிமிடம் ஆகும். இது எனக்கு வேண்டுமா என்ற கேள்வி அந்த ஒரு நிமிடத்தில்தான் வருகிறது.

அட்டையும் பசையும்

அட்டைக்கு 5 மி.மீ. தடிப்புள்ள ஃபோம் போர்டு நல்லது. ஏ2 அளவு, அதாவது 42 × 59.4 செ.மீ., ஓர் அறைக்குப் போதும். அது கிடைக்காவிட்டால் பைண்டிங் கடையில் மில்போர்டு கேளுங்கள்; 2 மி.மீ. தடிப்பு இருக்கட்டும். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைகளில் சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் பலகையின் வெட்டுத் துண்டுகள் கிடக்கும், அதுவும் ஆகும். வெறும் சார்ட் வேண்டாம். நாலு துண்டு ஒட்டியதும் சுருண்டு நிற்கும்.

மில்போர்டின் முன்பக்கம் தாள் ஒட்டினால், பசை காயும்போது அந்தப் பக்கம் இழுத்து அட்டை வில்லாக வளையும். பின்பக்கமும் அதே அளவுக்கு ஒரு தாளை, பழைய நாளிதழானாலும் சரி, ஒட்டிவிட்டால் இரண்டு பக்கமும் சமமாக இழுத்து அட்டை நேராக நிற்கும். பைண்டிங் வேலை தெரிந்தவர்கள் எப்போதும் செய்வது இது.

அட்டையின் நிறம் முக்கியம். பளீர் வெள்ளையும் வேண்டாம், மஞ்சள் சார்ட்டும் வேண்டாம். வெளிர் சாம்பல் அல்லது கோரா நிறத் தாளை முழுக்க ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பதைப் பக்கத்து நிறம்தான் முடிவு செய்கிறது. பாரிஸில் கோபெலின் அரச நெசவாலையின் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷேல் யூஜின் ஷெவ்ருல், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். நூலிலோ சாயத்திலோ குறை இல்லை. நீலமும் ஊதாவும் பக்கத்தில் வந்தபோதுதான் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. 1839இல் இதை அவர் விரிவாக எழுதி வெளியிட்டார். ஒரே சாம்பல் துணியை இரண்டாக வெட்டி, ஒன்றை அரக்கு நிறத் துணிமேலும் மற்றதைக் கிளிப்பச்சைமேலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே துணி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

பசை விஷயத்தில்தான் நிறைய அட்டைகள் வீணாகின்றன. மர வேலைக்கு வாங்கிய வெள்ளைப் பசையைப் பத்திரிகைத் தாளில் தடவினால், அதிலுள்ள தண்ணீரைக் குடித்துத் தாள் உப்பும், காயும்போது அலையலையாகச் சுருங்கும். தாளுக்குக் குச்சிப் பசை. துணிக்கும் மைக்காவுக்கும் இருபக்க டேப். ஆனால் தொடக்கத்தில் எதையும் ஒட்டவே கூடாது. குண்டூசி மட்டும்தான். ஒட்டிவிட்டால் கழற்ற மனம் வராது. அப்புறம் அந்தத் துண்டை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவோம்.

மற்றபடி இரும்பு ஸ்கேல், பேப்பர் கட்டர், பென்சில், பெரிய கவர் ஒன்று.

அறுபது துண்டுகள்

ஏழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது துண்டு என்பது கீழ்வரம்பு. இருபதில் நிறுத்தினால் திரும்ப வருவது எது என்று எண்ண முடியாது. இதில் பாதிக்கு மேல் வீட்டுப் படமாக இருக்கக்கூடாது. வீட்டுப் படங்களை மட்டும் சேர்த்தால், அவற்றை அலங்கரித்துப் படம் எடுத்தவரின் ரசனைதான் உங்கள் அட்டையில் வந்து உட்காரும். ஒரே பத்திரிகையிலிருந்து மூன்று படத்துக்கு மேல் வெட்டாதீர்கள் என்று சொல்வதும் அதனால்தான்.

பழைய பேப்பர் கடையில் பத்திரிகைகள் கிலோ கணக்கில் கிடைக்கும். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை எடுத்து வையுங்கள். தாளின் தரமும் நிறமும் நன்றாக இருக்கும். தையல்காரரிடம் வெட்டுத்துணி கேட்டால் பை நிறையக் கொடுப்பார். பர்கூர்த் துணிக் கடைகளில் பிட்டுத் துணி கிடைக்கும். மரவாடியில் இழைப்புச் சுருளும் மூலைத் துண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். தேக்கு, வேம்பு, மா மூன்றையும் பக்கத்தில் வைத்தால் 'மர நிறம்' என்று ஒரு நிறம் கிடையாது என்பது விளங்கும்.

மீதியை நம் மண்ணிலேயே எடுக்கலாம். செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் ஒரு தீற்று. ஒரு பிடி கேழ்வரகு. புளியம்பழத்தின் ஓடு. மாந்தளிர். பட்டுக்கூடு கிடைத்தால் இரண்டு. வெள்ளைக் கூட்டுக்கும் கலப்பினத்தின் மஞ்சள் கூட்டுக்கும் இருக்கிற வேறுபாட்டைப் பாருங்கள். வெள்ளைக் கூடு வெறும் வெள்ளையாக இருக்காது, மெல்லிய மினுக்கம் ஓடும். அந்த மினுக்கம் உங்களை இழுக்கிறதா, கேழ்வரகின் மினுக்கமில்லாத சிவப்பு இழுக்கிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் சுவருக்கு மேட் பெயிண்டா, ஷீன் பெயிண்டா என்ற பாதிக் குழப்பம் தீரும்.

எடுத்துவர முடியாததைப் படம் பிடியுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் இருக்கும் கற்திட்டைகளின், அதாவது பழங்கால ஈமச் சின்னங்களின், பலகைக் கல், தர்மபுரி நடுகற்களில் ஓடுகிற செதுக்குக் கோடு, ஓசூர்ப் பக்கம் வேலிக்கு நட்டிருக்கும் கல் தூண், பழைய நாட்டு ஓட்டின் வரிசை. ஸ்டுடியோவில் 4 × 6 அங்குலத்தில் மேட் தாளில் பிரின்ட் போடச் சொல்லுங்கள். கிளாஸ் தாள் விளக்கைப் பிரதிபலித்து நிறத்தை மறைக்கும்.

இலை, பூ எதையாவது சேர்த்தால் ஒரு எச்சரிக்கை. மாந்தளிரின் செம்பு நிறம் மூன்று நாளில் போய்விடும். பறித்த அன்றே வண்ணப் பென்சிலிலோ வாட்டர் கலரிலோ அந்த நிறத்தைக் கலந்து ஒரு சதுரம் தீட்டி வையுங்கள். அட்டைக்குப் போவது அந்தச் சதுரம்தான். இலையின் வடிவம் வேண்டுமென்றால் நாளிதழ்களுக்கு நடுவில் வைத்து மேலே கனம் ஏற்றி, இரண்டு நாளைக்கு ஒருமுறை தாளை மாற்றி, ஒரு வாரம் விடவும். தாளை மாற்றாவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

இனி, மொத்த வேலையிலும் நிறையப் பேர் விட்டுவிடுகிற ஒரு படி. ஒவ்வொரு துண்டின் பின்னாலும், அது உங்களை ஏன் இழுத்தது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். 'நல்லா இருக்கு' என்பது சொல்லில் சேராது. கரடு, நிழல், வெறுமை, அடுக்கு, பழசு, குளிர்ச்சி, நெருக்கம், வளைவு, இப்படி.

ஒரு திண்ணை வீட்டின் படத்தை எடுத்துக்கொள்வோம். மரத் தூண்கள், தரையில் விழுந்த ஓட்டு நிழல், ஓரத்தில் பித்தளைச் சொம்பு, நடுவில் எதுவும் இல்லாத சிமென்ட் தரை. படம் முழுக்கப் பிடித்திருக்கிறது என்று ஒட்டிவிட்டால் நாளை ஆசாரியிடம் தூண் செய்யச் சொல்வீர்கள். இரண்டு அட்டைத் துண்டுகளை 'ட' வடிவில் வெட்டி, ஒன்றோடொன்று பொருத்திச் சட்டம் போலப் படத்தின்மேல் நகர்த்துங்கள். தூண் மட்டும் தெரியும்படி ஒருமுறை, நிழல் மட்டும், சொம்பு மட்டும், வெறும் தரை மட்டும். எந்த இடத்தில் கை நிற்கிறதோ அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைப் போட்டுவிடுங்கள். பெரும்பாலும் நிற்கிற இடம் நிழலாகவோ வெற்றிடமாகவோ இருக்கும். அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது தூண் வேலை கிடையாது, ஜன்னலில் துளையிட்ட ஜாலித் தடுப்பு ஒன்றும் சாமான் குறைந்த தரையும்தான்.

பிடிக்காத பத்துத் துண்டுகளையும் தனிக் கவரில் சேருங்கள். பளபளக்கும் தங்க நிறக் கைப்பிடி, பூப்போட்ட டைல்ஸ், ஊதா விளக்கு, எதுவானாலும் சரி. பிடித்ததைச் சொல்லத் திணறுகிறவர்கள்கூடப் பிடிக்காததைத் தெளிவாகச் சொல்வார்கள். வேலை செய்பவருக்கு இந்தக் கவரும் அதே அளவுக்கு உதவும்.

பரப்பிப் பார்ப்பது

எட்டாம் நாள் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். மாற்ற முடியாதவற்றை முதலில் வையுங்கள். ஏற்கெனவே போட்ட தரை, வாசற்கதவின் பாலிஷ் நிறம், பாட்டி காலத்துக் கட்டில், அடுக்களையில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர். வீட்டில் எவர்சில்வர் நிறைய இருந்தால் உலோக நிறம் முடிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். பித்தளைக் கைப்பிடி போட்டால் அது துணையில்லாமல் நிற்கும்.

மற்ற துண்டுகளை நான்கு முறை வகை பிரியுங்கள். முதலில் நிறத்தால். அப்புறம் எல்லாவற்றையும் கலைத்து, தொட்டால் எப்படி இருக்கிறது என்பதால். மூன்றாவது கோட்டால்: நேர்கோடா, வளைவா, சின்னச் சின்னக் கட்டமா? நான்காவது நிறைவால்: சாமான் அடைந்த படங்கள் ஒருபுறம், காலியானவை ஒருபுறம். ஒவ்வொரு முறையும் எண்ணி எழுதுங்கள். அறுபதில் இருபதுக்கு மேல் ஒரே கூட்டத்தில் விழுந்தால் அது உங்களுடையது. ஒரே ஒருமுறை வந்த துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போகட்டும். மனம் வலிக்கும்தான். மயில்கழுத்து நிறப் பட்டு ஒன்றே ஒன்று வந்திருக்கும், அதை விட மனமே வராது. அதைச் சேலையாக உடுத்துங்கள். ஹால் சுவருக்கு அது உங்கள் நிறம் ஆகாது.

வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுக்கிறவர்கள் என்றால், இருவரும் தனித்தனியாக அறுபது சேர்க்க வேண்டும். ஒருவர் சேர்த்ததை மற்றவர் பார்க்கக்கூடாது. ஒருவர் துண்டுகளின் பின்னால் சிவப்புப் புள்ளி, மற்றவருக்கு நீலப் புள்ளி. பரப்பியபின் இரண்டு புள்ளியும் கலந்து விழுந்த கூட்டங்கள் ஹாலுக்கும் அடுக்களைக்கும். ஒரே புள்ளி மட்டும் உள்ள கூட்டம் அவரவர் அறைக்கு. மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை இந்த முறையில் சுமுகமாக முடியும். ஆளைப் பார்த்து வாதாட வேண்டியதில்லை, தரையில் கிடப்பதை எண்ணினால் போதும்.

நிறங்களுக்குப் பெயர் வைக்கும்போது பெயிண்ட் கம்பெனி வைத்த பெயரை விட்டுவிடுங்கள். நமக்குச் சேலைக் கடையில் பழகிய பெயர்கள் இருக்கின்றன. வெங்காயச் சருகு, அரக்கு, மாந்தளிர், பாசிப்பச்சை, சந்தனம், எம்.எஸ். புளூ. 'வெங்காயச் சருகு' என்று சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நிறம் கண்முன் வரும்.

இந்தக் கட்டத்தில் போனுக்கு ஒரு வேலை உண்டு. பரப்பியதைக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறங்கள் எத்தனை இருந்தாலும் அறை தட்டையாகத்தான் இருக்கும். வெளிர், நடு, அடர் என்று மூன்று படிகளாவது பிரிந்து தெரிய வேண்டும். சந்தனச் சுவர், வெளிர் மரம், கோரா ஸ்கிரீன் என்று போகிறவர்களுக்கு இந்தக் குறை நிச்சயம் வரும். கேழ்வரகு நிறத்தில் ஒரு தலையணை உறையும், கருங்கல்லில் ஒரு ஜன்னல் அடிக்கட்டையும் சேர்த்தால் சரியாகிவிடும்.

கல்

இந்த ஊரில் இருந்துகொண்டு கல்லைப் பற்றி நீளமாக எழுதாமல் முடியாது.

பட்டறையில் ஸ்லாப் ஓரம் வெட்டிய துண்டு குவிந்து கிடக்கும்; கேட்டால் கொடுப்பார்கள். 10 × 10 செ.மீ. அளவில், 2 செ.மீ. தடிப்பில் ஒரு துண்டு அரைக் கிலோவைத் தாண்டும், ஏறத்தாழ 540 கிராம். இதை ஃபோம் போர்டில் ஒட்டாதீர்கள். ஒட்டினாலும் ராத்திரியோடு விழும். விழும்போது அட்டையின் மேல்தாளையும் உரித்துக்கொண்டு விழும். அட்டையைச் சாய்த்து நிறுத்தி, கல்லை அடியில் ஒரு தட்டில் வையுங்கள். தரைக் கல்லென்றால் அது தரையில் படுத்தபடி இருப்பதுதான் சரியும்கூட. நிற்க வைத்துப் பார்த்தால் ஒளி வேறு கோணத்தில் விழுந்து நிறம் மாறும்.

ஒரே கல் பாலிஷில் ஒரு நிறம், தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம் முகத்தில் ஒரு நிறம், தோல்போல் மேடுபள்ளமாகத் தேய்த்த லெதர் முகத்தில் இன்னொரு நிறம். பாலிஷ் போடாத துண்டில் தண்ணீர் தெளியுங்கள்; நனைந்த நிறம்தான் ஏறத்தாழப் பாலிஷ் நிறம். உலர்ந்த வெளிர் நிறத்துக்கு ஆசைப்பட்டுப் பாலிஷ் ஸ்லாப் எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்த உலர்ந்த நிறம் வேண்டுமென்றால் ஃபிளேம் அல்லது லெதர் கேட்க வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரடைசோ போன்ற அலையோடும் கற்களுக்குச் சின்னத் துண்டு போதாது. பத்து செ.மீ. துண்டில் ஊதாச் சாம்பல் மட்டும் வரலாம். முழு ஸ்லாபில் வெளிர்ப் பட்டையும் பழுப்புச் சுழியும் ஆளுயரத்துக்கு ஓடும். ஸ்லாபை நேரே நின்று படமெடுத்து, பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும்படி அளவு காட்டி, அந்தப் பிரின்டையும் துண்டோடு வையுங்கள். உங்கள் அறுபதில் 'வெறுமை', 'அமைதி' என்ற சொற்கள் நிறைய வந்திருந்தால் அலைக்கல்லை ஹால் தரை முழுக்கப் போடாதீர்கள். வாசற்படிக்கோ பூஜை மேடைக்கோ ஒரே ஸ்லாப் போட்டால் அதன் அழகு தனியாக நிற்கும்.

கறுப்புக் கிரானைட் என்று விற்பது புவியியல் கணக்கில் பெரும்பாலும் டோலரைட். நல்ல கறுப்பு தானாகவே கறுப்பாக இருக்கும். சாம்பல் கல்லுக்குச் சாயமேற்றிக் கறுப்பாக்குவதும் உண்டு. நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கிற அசிட்டோனை வெள்ளைத் துணியில் தொட்டு, துண்டின் முகத்தில் அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு வந்தால் அது சாயம்.

அடுத்த சோதனைக்கு மூன்று நாள் வேண்டும். உங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரைக் கறுப்புத் துண்டின்மேல் ஒரு கரண்டி ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். துடைக்காமல் மறுநாளும், அதற்கு மறுநாளும். நம் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்புத் தண்ணீர்தான். மூன்றாம் நாள் வெள்ளை வளையம் வளையமாகப் படிந்திருக்கும். சின்க் பக்கத்து மேடை ஆறு மாதத்தில் எப்படி இருக்கும் என்பதை அந்தத் துண்டு இப்போதே காட்டிவிடும். அதைப் பார்த்தபிறகும் கறுப்பு வேண்டும் என்றால் தாராளமாகப் போடலாம். ஒவ்வொரு முறையும் துடைக்கத் தயாரென்று பொருள். வெளிர்க் கல்லுக்கு வேறு சோதனை. ஒரு சொட்டு நல்லெண்ணெய், ஒரு சொட்டு புளித்தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள் குழைத்தது, ராத்திரி முழுக்க. கிரானைட்டைப் புளி அரிக்காது, அது மார்பிளுக்கு வருகிற தொல்லை. ஆனால் எண்ணெய் இறங்கி அடர்ந்த திட்டு விழலாம். விழுந்தால் சீலர் அடிக்காமல் அந்தக் கல்லை அடுக்களைக்கு எடுக்காதீர்கள்.

சுவர் நிறம்

ஷேட் கார்டிலுள்ள தபால்தலைச் சதுரத்தை வெட்டி ஒட்டுவதில் பயனில்லை. சாம்பிள் டப்பா வாங்கி, ஏ4 அளவுத் தடித்த தாளில், முதலில் வெள்ளை பிரைமர், பிறகு இரண்டு கோட் அடியுங்கள். கோட்டுக்கு இடையில் டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் காயவிட வேண்டும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காய்ந்தபின் நிறம் மாறும். இந்தத் தாளை அந்தந்த அறையின் சுவரில் நிற்க வைத்துக் காலை ஏழு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் பாருங்கள். இரவு விளக்கு 3000 கெல்வின் வார்ம் ஒயிட்டா, 6500 கெல்வின் வெள்ளையா என்பதைப் பொறுத்து வெங்காயச் சருகு நிறம் ரோஜாவாகவும் போகும், சாம்பலாகவும் போகும். பகலில் ஒன்றோடொன்று பொருந்திய ஸ்கிரீன் துணியும் சுவரும் இரவில் பொருந்தாமல் போவதும் உண்டு. விளக்கு எது என்று முடிவு செய்யாமல் நிறம் முடிவு செய்ய முடியாது.

சிறு தாளில் பார்த்ததைவிட நாலு சுவரிலும் அடித்தபின் நிறம் தூக்கலாக இருக்கும். ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுப் பட்டுத் திரும்புவதால் வருவது இது. தயக்கம் இருந்தால் ஒரு படி வெளிறியதை எடுங்கள். தரை ரெட் ஆக்சைடு என்றால் வெள்ளைச் சுவரின் கீழ்ப்பாதி இளஞ்சிவப்பாகத் தெரியும். சாம்பிள் தாளைத் தரையை ஒட்டிப் பிடித்தால் முன்பே தெரிந்துவிடும்.

வெளிநாட்டுப் படங்களில் வருகிற பனிவெள்ளை அறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கேண்டிநேவிய நாடுகளில் குளிர்காலம் நீளம், வெளிச்சம் குறைவு. இருக்கிற ஒளியைப் பெருக்கத்தான் அந்த வெள்ளை. தர்மபுரியின் சித்திரை வெயிலில் நமக்கு வேண்டியது கண் கூசாத சுவர். வெளிச்சுவரென்றால் செம்மண் சேறு மழையில் ஓரடி, இரண்டடி உயரத்துக்குத் தெறிக்கும். பழைய வீடுகளில் அடிச்சுவருக்குக் காவி அடித்ததில் அழகும் இருக்கிறது, பயனும் இருக்கிறது. அந்தக் காவிப்பட்டை உங்கள் அறுபதில் வந்திருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் அளவு விகிதமும் வீட்டு விகிதமாக இருக்க வேண்டும். 10 × 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. ஒரு கதவும் ஒரு ஜன்னலும் 37 போக 403. தரை 120. அதாவது சுவர் ஏறத்தாழ மூன்றேகால் பங்கு, தரை ஒரு பங்கு. சுவருக்கு முழு ஏ4 தாள் வைத்தால் தரைக்கு 13.5 செ.மீ. சதுரம் போதும். ஸ்கிரீன் துணி உள்ளங்கை அளவு. தலையணை உறை, கைப்பிடி, விளக்கின் உலோகம் எல்லாம் பத்து ரூபாய் நாணய அளவு. நாணய அளவில் இருக்க வேண்டிய அரக்கு நிறம் அட்டையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால், வீடும் அப்படியே ஆகிவிடும்.

ஒட்டுவது

கடைசியில் அட்டையில் நிற்பது பதினைந்து துண்டுகள், அதிகம் போனால் இருபது. குண்டூசியில் குத்தி அறையில் இரண்டு வாரம் நிறுத்துங்கள். போகும்போது வரும்போது பார்த்து, கண் எதில் இடறுகிறதோ அதைக் கழற்றுங்கள். காலியிடம் விழுந்தால் விழட்டும். நிரப்பவென்று எதையும் தேடிப் போகாதீர்கள்.

அப்புறம் படமெடுத்து, இடத்தைப் பென்சிலில் குறித்து, அடியில் வரும் பெரிய துண்டுகளிலிருந்து மேலே வரும் சிறியவை வரை ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். மறைந்த ஓரத்தைத் தாறுமாறாக விட்டாலும் தெரியும் ஓரத்தை இரும்பு ஸ்கேல் வைத்து வெட்டுங்கள். துணி ஓரம் பிரிந்தால் பின்பக்கம் மடித்து டேப் போடுங்கள்.

கடைக்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒவ்வொரு பொருளிலும் 3 × 5 செ.மீ. துண்டு வெட்டி, மூலையில் ஓட்டை போட்டு, ஒரு சாவி வளையத்தில் கோத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் தாள், மைக்கா, துணி எல்லாம் இதில் அடங்கும். கல்லுக்குப் பதில் அதன் நிறத்தில் ஒரு தீட்டிய சதுரம். டைல்ஸ் கடையில் நிற்கும்போது ஷோரூம் விளக்கை நம்பாமல், டைலையும் வளையத்தையும் வாசலுக்குக் கொண்டுவந்து நிழலில் பாருங்கள்.

அட்டையை நேர் வெயிலில் மாட்டாதீர்கள். பத்திரிகைப் படங்களில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து, படம் நீலமாகிவிடும். வேலை முடிந்ததும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பூச்சி அண்டாமல் நாப்தலின் உருண்டை இரண்டு போட்டு, பீரோவுக்குப் பின்னால் வையுங்கள். வைப்பதற்கு முன் பின்பக்கம் எழுத வேண்டியவை: தேதி, ஒவ்வொரு பெயிண்டின் ஷேட் எண், எந்த அறைக்கு எத்தனை லிட்டர், டைல்ஸ் பெட்டியிலுள்ள பேட்ச் எண், கல் எடுத்த பட்டறை. ஐந்து வருடம் கழித்துச் சுவரில் ஆணி அடித்த இடத்தை மூடவோ உடைந்த ஒரு டைலை மாற்றவோ வரும் கொத்தனார் முதலில் கேட்பது அந்த எண்களைத்தான்.